நீலகிரியில் புது செடான்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பத்து வருடமாக ஹேட்ச்பேக் ஓட்டுகிறோம். இப்போது மாமனார், மாமியாரும் எங்களோடு இருப்பதால் டிக்கி உள்ள வண்டி தேவை. சின்ன செடான் போதுமா, பெரியதாகவே பார்த்துவிடலாமா? டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜின் நம்ம ஊர் ஏற்றத்தில் இழுக்குமா? (பள்ளி ஆசிரியை, குன்னூர்)

பதில்: முதலில் வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்குள்ளும் பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள்ளும் இருக்கும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இரண்டில் எது மீறினாலும் 40. டிசையர், அமேஸ், ஆரா, டிகோர் 18-இல் வருகின்றன. சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, வெர்ட்டஸ் 40-இல். அதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10-ஐத் தாண்டி 20 லட்சம் வரை 18. வண்டி விலை 9.90 லட்சமாக இருந்தால் ஆயுள் வரி 1,28,700 ரூபாய், 10.10 லட்சமானால் 1,81,800. இருபதாயிரம் ரூபாய் கூடுதல் வசதிக்கு ஆசைப்பட்டு வரியில் ஐம்பத்து மூவாயிரம் விடுகிறவர்கள் நிறையப் பேர். மேல் வேரியன்ட்டுக்குத் தாவும் முன் அந்த 10 லட்சக் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

இழுவைக்கு வருவோம். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 சதவீதம் சக்தி இழக்கும். காற்று மெலிந்துபோவதுதான் காரணம். உதகை 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. ஆக, விளம்பரத்தில் போட்டிருக்கும் 80 குதிரைச் சக்தி உங்கள் வீட்டு வாசலில் 65 சொச்சம்தான். ஆனாலும் இழுக்கும், கியர் மாற்றச் சோம்பல்படக் கூடாது, அவ்வளவே. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இன்ஜின் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். ஆனால் அதிலும் ஒரு சங்கடம் உண்டு. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து இன்ஜின் சுற்று 1,500-க்குக் கீழே போனால், டர்போ வேலைக்கு வருவதற்குள் வண்டி திணறும். அங்கே தயங்காமல் முதல் கியர் போட வேண்டும்.

கோவை அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியை மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். விற்க நினைக்கிற ஷோரூம் கொண்டுவரும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுச் சரிவில் ஏற்றி இறக்குங்கள். சரிவு தொடங்கும் இடத்தில் முன் பம்பரின் கீழ் விளிம்பு உரசுகிறதா, சரிவு முடிந்து தரை சமமாகும் இடத்தில் நடுவயிறு தட்டுகிறதா என்று ஒருவர் கீழே நின்று பார்க்கட்டும். நீளமான செடானுக்கு இந்த இரண்டாவது தொல்லை அதிகம்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் எடுத்தால் எந்த வகை நல்லது? (உதகை)

பதில்: ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை உங்கள் காலுக்குப் பதிலாக ஒரு கருவி மிதிக்கிறது. ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து வைத்தால் உள்ளே கிளட்ச் தேய்கிறது, உங்களுக்குத் தெரியாது. பிரேக்கில்தான் நிறுத்த வேண்டும். டிசிடி என்பது இரண்டு கிளட்ச் உள்ள கியர்பாக்ஸ். அவற்றில் பெரும்பாலானவை எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். மே மாத சீசனில் குன்னூர் ரோட்டில் ஊர்ந்துகொண்டே போனால் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும். எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரும், கியர் படிகளே இல்லாத சிவிடியும் இந்த ஊர்தலைப் பொறுத்துக்கொள்ளும். எதை வாங்கினாலும் இறக்கத்தில் கியரை நாமே பிடித்து வைக்கும் வசதி, அதாவது மேனுவல் மோடு, பேடில் அல்லது 'எல்' நிலை இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருளாமல் சில நொடி பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டும் இருக்க வேண்டும்.

கேள்வி: கோவையில் ஒரு ஷோரூம் தந்த கொட்டேஷனில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'எசென்ஷியல் கிட்' என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸை வெளியே எடுத்தால் தள்ளுபடியைக் குறைப்போம் என்கிறார் சேல்ஸ்மேன். எதைக் கட்ட வேண்டும், எதை மறுக்கலாம்? (கோத்தகிரி)

பதில்: கட்டியே ஆக வேண்டியவை இவைதான்: ஷோரூம் விலை, ஆயுள் வரியும் பதிவுக் கட்டணமும், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், விலை 10 லட்சத்துக்கு மேல் என்றால் 1 சதவீத டிசிஎஸ், அதாவது டீலர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி. இந்த டிசிஎஸ் உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். பலர் இதை மறந்தே போகிறார்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜை அடித்துவிடச் சொல்லுங்கள். வண்டியை விற்கும் நிலைக்குக் கொண்டுவருவது டீலரின் வேலை. அதற்கான லாபம் ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. கிட் என்பது மிதியடி, மட் ஃப்ளாப், சீட் கவர் வகையறா. வேண்டியதை மட்டும் பட்டியலிட்டு வாங்குங்கள். மட் ஃப்ளாப் நம் ஊருக்குத் தேவை, டெஃப்லான் கோட்டிங் தேவையில்லை.

இன்சூரன்ஸை எங்கே எடுப்பது என்பது உங்கள் உரிமை. புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடத்துக்குக் கட்டாயம். சொந்தச் சேதக் காப்பீடு ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். வெளியே இரண்டு கம்பெனிகளில் விலை கேட்டு, அதே ஐடிவி (வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை), அதே கூடுதல் பாதுகாப்புகளோடு ஒப்பிடுங்கள். ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது பழைய வித்தை. புது வண்டிக்கு ஐடிவி ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்க வேண்டும். தடுப்புச் சுவரில் உரசும் ஊர் இது, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் வைத்துக்கொள்ளுங்கள். பழைய காரை விற்கும்போது கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கான என்சிபி சான்றிதழை அந்தக் கம்பெனியிடம் கேட்டு வாங்கினால், புது காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். காரோடு அது போய்விடாது, உங்களோடு வரும்.

தள்ளுபடியை வாய்ச்சொல்லில் நம்பாதீர்கள். கன்ஸ்யூமர் ஆஃபர், எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் தள்ளுபடி ஒவ்வொன்றும் எவ்வளவு என்று புரோஃபார்மா இன்வாய்ஸில் எழுதி, சீல் போட்டு வாங்குங்கள். அதே கம்பெனியின் இன்னொரு டீலரிடமும் ஒரு தாள் வாங்கிக்கொண்டால் பேச்சு தானாகச் சுருங்கும்.

கேள்வி: கோவையில் வாங்கினால் அங்கேயே பதிவு செய்துவிடலாமா? (கூடலூர்)

பதில்: மாநிலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் பதியலாம். ஆனாலும் நீலகிரி முகவரியைக் கொடுத்து டிஎன் 43 வாங்குங்கள். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளி வண்டிகளுக்கு நீலகிரிக்குள் வர இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) உண்டு. உள்ளூர்ப் பதிவுக்கு அது வேண்டாம். கோவை எண் வைத்திருந்தால் சொந்த ஊருக்கு வரும்போதெல்லாம் சோதனைச் சாவடியில் ஆதாரைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்க நேரும். கல்லட்டிப் பாதையில் உதகையிலிருந்து கீழே இறங்கவும் உள்ளூர் வண்டிகளைத்தான் விடுகிறார்கள்.

கேள்வி: டெலிவரிக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? (குன்னூர்)

பதில்: மாலை போட்டு ரிப்பன் கட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை. முழுப் பணம் கட்டுவதற்கும் பதிவுக்கும் முன்னால், பகல் வெளிச்சத்தில், யார்டிலேயே பாருங்கள். சேஸிஸ் எண் இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா, தயாரித்த மாதமும் ஆண்டும் என்ன என்பது முதல் வேலை. ஜனவரியில் வாங்கும் வண்டி போன ஆண்டு தயாரிப்பாக இருந்தால், அதற்கேற்ற தள்ளுபடி இல்லாமல் எடுக்காதீர்கள். விற்கும்போது ஆர்சியில் உள்ள தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3625 என்றால் 2025-ஆம் ஆண்டின் 36-வது வாரம். ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரிலும் இந்தத் தேதிகள் அருகருகே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தள்ளி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கதவு, பானட், டிக்கி இடுக்குகள் இரு பக்கமும் ஒரே அளவா? போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. டிக்கி மிதியடியைத் தூக்கி ஈரம் பாருங்கள். ஜாக்கி, கருவிகள், இரண்டு சாவி, சர்வீஸ் புத்தகம். ஓடோமீட்டர் நூறு கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் விளக்கம் வேண்டும். ஒரு குறை கண்டாலும் டெலிவரி நோட்டில் எழுதிய பிறகே கையெழுத்து.

கேள்வி: இருபது வருடமாக பர்லியார் இறக்கத்தில் நியூட்ரலில்தான் இறங்குகிறேன். பெட்ரோல் மிச்சமாகிறது. புது காரிலும் அப்படியே செய்யலாமா? மகன் திட்டுகிறான். (அருவங்காடு)

பதில்: மகன் சொல்வது சரி. பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இன்றைய இன்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். நீங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழிக்கிறீர்கள். இன்ஜினையே அணைத்து இறங்குபவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும்.

பெரிய ஆபத்து சூடு. ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,500 மீட்டர் இறங்குகிறது. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்கிலேயே கரைத்தால், 60 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பம். நாலு சக்கரத்தின் டிஸ்க்கும் டிரம்மும் அதைத் தாங்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. மூடுபனி ஊரில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். பெடல் பஞ்சாகி, தரை வரை போகும். அதனால் கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். சர்வீஸில் 'லெவல் சரியாக இருக்கிறது' என்பார்கள். லெவல் வேறு, ஈரம் வேறு.

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுதாக விட்டுவிடுங்கள். காலை லேசாக வைத்துக்கொண்டே வருவதுதான் டிஸ்க்கைச் சுடவைக்கும். புது வண்டிக்கு இன்னொன்று: பிரேக் பேட் டிஸ்க்கோடு படிய முதல் 300 கிலோமீட்டராவது ஆகும். அதுவரை கூடுதல் இடைவெளி விடுங்கள்.

தீய்ந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிப்போகும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் அதிரும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகும் கல்லில் இரவு பைக்காரர்கள் விழுகிறார்கள்.

கேள்வி: வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிர் மஞ்சள் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. தினமும் 3 கிலோமீட்டர் அலுவலகம், அவ்வளவுதான். இன்ஜின் போய்விட்டதா? (உதகை)

பதில்: போகவில்லை. இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் அணைத்துவிடுகிறீர்கள். உள்ளே படியும் ஈரம் ஆவியாகி வெளியேற நேரமில்லாமல் ஆயிலோடு கலந்து மூடியில் ஒட்டுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருக்கிறதா, கூலன்ட் அளவு குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பயமில்லை. கூலன்ட் குறைந்து, டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால்போல் கலங்கியிருந்தால் ஓட்டாமல் சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள்.

மருந்து எளிது: வாரம் ஒரு முறை 25 கிலோமீட்டராவது நிற்காமல் ஓட்டுங்கள். கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கென்று ஒரு தனி அட்டவணை இருக்கும். மலைப்பாதையும் குறுந்தூர ஓட்டமும் அதில்தான் வரும். 10,000 கிலோமீட்டர் ஆகட்டும் என்று காத்திருக்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள், கையேடு சொல்லும் கிரேடிலேயே. காலையில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து இன்ஜினைச் சூடேற்றுவதால் பயனில்லை. அரை நிமிடம் விட்டு, மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள்.

கேள்வி: கோவையில் காற்றடித்துவிட்டு மேலே வந்தால் பிரஷர் மாறுமா? (கோத்தகிரி)

பதில்: மேலே காற்றழுத்தம் குறைவதால் மீட்டர் 2 முதல் 3 பிஎஸ்ஐ போலக் கூட்டிக் காட்ட வேண்டும். குளிரால் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஒன்றையொன்று அடித்துவிடும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு முன் சீட்டின் கீழே மிதியடி நனைந்திருக்கிறது. ஷோரூமில் மூன்று முறை கொடுத்தும் சரியாகவில்லை. (குன்னூர்)

பதில்: சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்துகிறீர்களா? முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில் உள்ள பள்ளத்தில் இலை சேர்ந்து வடிகால் அடைத்தால் தண்ணீர் பிளோயர் வழியாக உள்ளே இறங்கும். சன்ரூஃப் இருந்தால் அதன் மூலைக் குழாய்களும் அப்படித்தான் அடைபடும். பானட்டைத் திறந்து இலையை அள்ளிவிட்டு, ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அது சக்கரத்துக்குப் பின்னால் ஒழுக வேண்டும். அப்படி ஒழுகியும் மிதியடி நனைந்தால் கதவு ரப்பரையோ கண்ணாடி ஒட்டையோ சந்தேகப்படலாம், அது வாரன்டி வேலை.

அடுத்த முறை கொடுக்கும்போது ஜாப் கார்டில் 'மழைநீர் கசிவு, நான்காம் முறை' என்று எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் குறை இருந்ததற்கே சாட்சி இருக்காது. தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் நான்கு கார்டுகளையும் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 முதல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.