மறு: டேப்பில் அலிஃப், பா பாடும் மகள் கிதாபில் தடுமாறுகிறாள்

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. ஐந்து வயது மகள் டேப்லெட்டில் அரபியின் 28 எழுத்தையும் பாட்டாகச் சொல்கிறாள், குர்ஆன் மத்ரஸாவில் கிதாபை, அதாவது பாடப்புத்தகத்தை, திறந்தால் விழிக்கிறாள் என்கிறீர்கள். கொழும்பு தெமட்டகொடையில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அவள் மனதில் நிற்பது மெட்டு, எழுத்தல்ல. பாட்டை நிறுத்திவிட்டு, எழுத்துகளைக் கலைத்துப்போட்டுக் கேட்கும் விளையாட்டை மட்டும் திறந்துகொடுங்கள்.

அப்புறம், எழுத்துகளைச் சேர்த்தெழுதும்போது அவற்றின் உருவமே மாறிவிடும். சொல்லின் நடுவில் 'பா' என்பது ஒரு சிறு பல்லும் கீழே ஒரு புள்ளியும்தான். அலிஃப், தால், ரா, வாவ் உட்பட 6 எழுத்துகள் அடுத்த எழுத்தோடு ஒட்டாது. இதைக் காட்டாத மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒலியில் நெருங்கிய ஸீன், ஸாத் எழுத்துகளின் வித்தியாசத்துக்கு உஸ்தாதின் (ஆசிரியரின்) வாயைத்தான் பார்க்கவேண்டும். என் மகன் ஸாதுக்குக் கன்னத்தை உப்பிக்கொள்வான், அதுவும் பிழைதான்!