அழகுச் செடி விற்பனையில் எவற்றை நிறுத்துவது?

கேள்வி: ஓசூரை அடுத்து தேன்கனிக்கோட்டை சாலையில் நர்சரி வைத்திருக்கிறேன். கலர் உண்ணிச்செடி, தரையில் படரும் மஞ்சள் வெடேலியா, தொட்டிக்கான ஆகாயத்தாமரை மூன்றும் நன்றாக விற்கின்றன. இவை காட்டையும் ஏரியையும் கெடுப்பவை என்று வாடிக்கையாளர் ஒருவர் சொல்கிறார். நிறுத்த வேண்டுமா? இருப்பை என்ன செய்வது?

பதில்: அவர் சொல்வது சரி. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று வெளியிட்ட பட்டியலில் உங்கள் மூன்று செடிகளுமே இருக்கின்றன. ஆயினும் மூன்றையும் ஒரே அவசரத்தில் கையாளத் தேவையில்லை.

ஆகாயத்தாமரையை இன்றே நிறுத்துங்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி, பூவின் அழகுக்காகவே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சத்து மிகுந்த கழிவுநீர் கலந்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகக் கூடியது. ஓசூரில் ஒருவர் தொட்டியைக் கழுவிச் சாக்கடையில் கொட்டும் செடி, தென்பெண்ணை வழியே கெலவரப்பள்ளி அணைக்கும், அங்கிருந்து கிருஷ்ணகிரி அணைக்கும் போய்ச் சேர வழியிருக்கிறது. சேற்றில் புதையும் விதை பல ஆண்டுகள் உயிரோடிருப்பதால், அள்ளி எடுத்த ஏரியிலும் அது மறுபடி முளைக்கிறது.

உண்ணிச்செடியின் சிக்கல் பறவை. கொண்டைக்குருவியும் மைனாவும் கனியைத் தின்று விதையை எங்கு வேண்டுமானாலும் எச்சமிடும். உங்களுக்கோ காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் தொலைவில் இல்லை. அங்கே இப்புதர் அடர்ந்த இடத்தில் யானைக்கும் மானுக்குமான புல் எழும்புவதில்லை. ‘இது காய்க்காத ஒட்டு ரகம்’ என்று மொத்த வியாபாரி உறுதி சொன்னாலும் நம்பி வாங்க வேண்டாம்: அப்படி விற்கப்படும் சில ரகங்கள் காய்க்கின்றன, காய்க்காதவற்றின் மகரந்தமும் காட்டுச் செடியோடு கலக்கக்கூடும். 2022இல் தமிழக அரசு ஊடுருவல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. காட்டில் செலவழித்து வேரறுப்பதையே கடையில் பணம் வாங்கிக்கொண்டு தருவது பொருந்தாது.

வெடேலியாவை மூன்றாவதாக வைக்கிறேன். அது பெரும்பாலும் தண்டுத் துண்டின் கணுவிலிருந்து வேர்விடுவதால், சுற்றுச்சுவருக்குள் அடங்கிய தொட்டியில் ஆபத்து குறைவு. ஆனால் கத்தரித்த குப்பையைத் தோட்டக்காரர் வாய்க்கால் ஓரம் வீசுவதை நீங்கள் தடுக்க முடியாது என்பதால், புதிய பதியன் போடுவதையேனும் நிறுத்துங்கள்.

இருப்பைத் தள்ளுபடி விலையில் தீர்த்துவிட நினைக்காதீர்கள், அதுவும் பரப்புவதே. ஆகாயத்தாமரையையும் வெடேலியாவையும் சிமென்ட் தளத்தில் சருகாகும்வரை காயவைத்த பிறகு எருக்குழியில் இடலாம். உண்ணிச்செடியில் முதலில் காய்க்கொத்துகளை நறுக்கிக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி, பல வாரம் வெயிலில் போட்டு, விதை அழிந்ததை உறுதி செய்யுங்கள். தரையில் நட்ட தாய்ச்செடியை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குள் சற்றுக் கீழே வேரை அறுத்து, அடிக்கட்டையைத் தலைகீழாகப் போட வேண்டும்.

மாற்றுக்குப் பஞ்சமில்லை. தொட்டிக்கு அல்லி, தரைக்குப் பொடுதலை, வேலியோரத்துக்கு வெட்சி. மஞ்சள் பூ மரம் கேட்பவருக்குச் சரக்கொன்றையைக் கொடுங்கள். அதே நிறத்தில் வரும் அமெரிக்க மஞ்சள் கொன்றை முதுமலைப் பகுதியில் பரவி, வனத்துறை அதை அகற்றிவருகிறது. கன்றில் குழப்பம் நேராதபடி, வாங்கும்போதே ரசீதில் தாவரவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: பையில் நிரப்பும் செம்மண்ணும் தொழுவுரமும். இவற்றோடு பார்த்தீனியக் களையின் விதை கலந்து வரலாம். அதன் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்ப்பது. அந்த விதை உங்கள் ரோஜாப் பையோடு பெங்களூருவரை பயணம் போகும். கலவையை ஈரமாக்கி இரண்டு வாரம் விட்டு, முளைத்ததை அழித்த பிறகு நிரப்புங்கள். தாய்ச்செடிகள் இருந்த இடத்தையும் அடுத்த இரண்டு மழைக்காலங்களுக்குக் கவனித்து, முளைக்கும் கன்றுகளைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.