பல்லிக்குப் போகாத பையன்

போன இதழில் கைப்பேசியில் தமிழ் அடிப்பது பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருந்ததால், இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை. ஃபிரிட்ஜ் சத்தம் போடுவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்குக் காய்ச்சல். வகுப்பு டீச்சருக்கு ‘இன்று பள்ளிக்கு வர மாட்டான்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது ‘இன்று பல்லிக்கு வர மாட்டான்’. டீச்சர் சிரிப்பு பொம்மை ஒன்று அனுப்பிவிட்டு ‘பல்லி நலமா’ என்று கேட்கிறார். நான் சரியாகத்தானே அடித்தேன்?
*வாசகி, தேனி*

நீங்கள் சரியாகத்தான் அடித்தீர்கள், சிக்கலே அதில்தான் இருக்கிறது. தங்கிலீஷில், அதாவது ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும்போது பி, ஏ, எல், எல், ஐ என்ற ஐந்து எழுத்துகளுக்குள் பள்ளியும் இருக்கிறது, பல்லியும் இருக்கிறது. ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘எல்’. ன, ண, ந மூன்றுக்கும் ஒரே ‘என்’. ர, ற இரண்டுக்கும் ஒரே ‘ஆர்’. நாம் அடிப்பது பாதித் தகவல்தான், மீதியைக் கீபோர்டு ஊகித்து நிரப்புகிறது. எந்தச் சொல் பொதுவாக அதிகம் புழங்குகிறது, அதற்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது, இதே எழுத்துகளை அடித்துவிட்டு நீங்கள் முன்பு எதைத் தொட்டீர்கள் என்ற கணக்குகளைப் பார்த்து ஒன்றை முன்னால் நிறுத்தும். என்றோ ஒருநாள் சமையலறைப் பல்லியைப் பற்றித் தங்கைக்கு விலாவாரியாக எழுதியிருந்தீர்கள் என்றால், அதன் நினைவில் பல்லிக்கு ஒரு படி ஏற்றம் கிடைத்திருக்கும். அதற்குப் பள்ளியும் தெரியாது, பல்லியும் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும்.

கூகுளின் ஜிபோர்டு என்றால், மேலே பட்டையில் வரும் ‘பல்லி’யை விரலால் அழுத்திப் பிடித்துக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்துவிடுங்கள். அது கற்றதை மறந்துவிடும். ‘அஞ்சல்’ என்ற கீபோர்டு முறையில் அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அங்கே பெரிய ‘எல்’ அடித்தால் ள, சின்ன ‘எல்’ அடித்தால் ல, ‘இசட்’ அடித்தால் ழ என்று ஒவ்வொன்றுக்கும் தனி வழி உண்டு, ஊகத்துக்கு வேலையில்லை.

இன்னொன்று. அதிகம் பேர் தப்பாக அடிக்கும் சொல் ஊகிக்கும் கீபோர்டுக்குச் சரியான சொல்லாகத்தான் தெரியும். யாராவது இறந்துபோனால் குழுவில் வரிசையாக ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று விழுகிறதே, பார்த்திருப்பீர்கள். நானும் ஒருமுறை அவசரத்தில் முதலில் வந்ததைத் தொட்டு அனுப்பிவிட்டு, பிறகு அழிக்கவும் கூச்சப்பட்டு அப்படியே விட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்குவது வேறு, இரங்கல் வேறு. பட்டையில் முதலில் நிற்பதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது.

1980களில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நான். பேத்தி தங்கிலீஷில்தான் அடிக்கச் சொல்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தமிழ்99 என்கிறார்களே, இந்த வயதில் பழகலாமா?
*ஓய்வுபெற்ற எழுத்தர், கும்பகோணம்*

தாராளமாகப் பழகலாம் ஐயா. எனக்கு ஆலோசனை சொல்லும் உரிமை இருந்தால் பேத்தியையும் அதற்கே இழுத்துவிடுவேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்தது இந்தக் கீபோர்டு முறை, பெயரும் அதிலிருந்துதான். உயிர் 12, மெய் 18, புள்ளிக்கு 1 என்று 31 விசைதான் அடிப்படை. உயிர்கள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். மெய்யை அடித்துவிட்டு உயிரை அடித்தால் உயிர்மெய். உங்களுக்கு முதல் ஒரு வாரம் கை தடுமாறப்போவது இங்கேதான்: டைப்ரைட்டரில் கொம்பை முதலில் அடித்து, அப்புறம் ககரத்தை அடித்து ‘கெ’ ஆக்கியிருப்பீர்கள், இங்கே முதலில் க, அப்புறம் எ. வாயால் சொல்லும் வரிசைதான் விரலுக்கும்.

இதன் அழகு புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘பள்ளி’ என்பதற்கு ப, ள, ள, இ, மொத்தம் நாலு தட்டு. ங வுக்குப் பின் க, ந வுக்குப் பின் த, ம வுக்குப் பின் ப என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. ‘தங்கம்’ அடிக்க த, ங, க, ம, புள்ளி, ஐந்து தட்டு. தங்கிலீஷில் ஏழு, அதற்கு மேல் பட்டையைப் பார்த்துச் சரியான சொல்லைத் தொட வேண்டும். தேனிக்காரம்மாவின் பல்லி இங்கே நுழையவே முடியாது, நீங்கள் ள அடித்தால் ள தான் வரும்.

ஒரே ஒரு இடத்தில் எல்லோரும் முதலில் தடுக்கி விழுவார்கள். ‘பப்பாளி’ அடித்துப் பாருங்கள். ப, ப என்றதும் அது ‘ப்ப’ என்று எடுத்துக்கொள்ளும், பழம் கெட்டுப்போகும். முதல் ப அடித்ததும் ஒரு அ அடியுங்கள், அந்த எழுத்துக்குப் பூட்டுப் போட்ட மாதிரி. ப, அ, ப, ப, ஆ, ள, இ. இந்த ஒரு சூட்சுமம் கைக்கு வந்துவிட்டால் மீதியெல்லாம் பழக்கம்தான். ஐபோனில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் கூடவே வருகின்றன. ஆண்ட்ராய்டில் செல்லினம் போட்டால் இரண்டும் கிடைக்கும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அந்தச் செயலி 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியானது. அப்போது தொடுதிரை ஏது, எண் பொத்தான் போனில் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புவதற்காக வந்தது.

ஆங்கிலத்தில் அடித்தால் அடுத்த சொல்லை எவ்வளவு சமர்த்தாக எடுத்துக் கொடுக்கிறது! தமிழில் மட்டும் ஏன் அசடு வழிகிறது?
*கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

தம்பி, ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், ‘போ’. ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து வடிவம், முடிந்தது. தமிழில் போனான், போனாள், போனார்கள், போகிறேன், போகாதே, போகட்டும், போய்விட்டதா, போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் என்று வால் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றும் கீபோர்டுக்குத் தனிச் சொல். எத்தனை பெரிய அகராதி போட்டாலும் உங்கள் வாக்கியத்துக்கு வேண்டிய வால் அதில் இல்லாமல் போகலாம். போதாததற்கு நாம் அனுப்பும் செய்தி பேச்சுத் தமிழில் இருக்கிறது: போயிட்டிருக்கேன், போய்ட்ருக்கேன், போய்க்கிட்டு இருக்கேன். திருநெல்வேலியில் ‘போயிட்டு இருக்கேம்ல’ என்று நீங்கள் அடித்தால் அது என்ன செய்யும், பாவம்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது என் வருத்தம். ஒற்றுதான். ‘சென்னைக்கு’ என்று அடித்து முடித்து ஸ்பேஸ் தட்டிவிட்டீர்கள். அடுத்து ‘வந்தேன்’ வந்தால் சரி, ஒற்று வேண்டாம். ‘போனேன்’ வந்தால் அது ‘சென்னைக்குப் போனேன்’. அதாவது பின்னால் வரப்போகும் சொல்லைப் பொறுத்து, ஏற்கெனவே அடித்து முடித்த சொல்லின் வால் மாற வேண்டும். கீபோர்டோ முன்னால் மட்டுமே பார்த்து ஓடப் பழகியது. அடுத்த சொல்லை ஊகிக்கும், திரும்பிப் போய் முந்தைய சொல்லில் ஒரு ப் வைக்கும் பழக்கம் அதற்கு இல்லை. பட்டையில் வருவதை வரிசையாகத் தொட்டுத் தொட்டே எழுதுகிறவர்களின் தமிழில் வல்லினம் மிகுவதே இல்லை, கவனித்துப் பாருங்கள். நான் செய்வது இதுதான்: முதலில் ஒற்றைப் பற்றிக் கவலைப்படாமல் அடித்து முடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் புகுத்துவேன். ஆசிரியருக்கு அனுப்பும்போது மட்டும், வீட்டுக்கு அனுப்பும்போது இல்லை!

என் விரல் கொஞ்சம் தடிமன். பக்கத்து எழுத்தில் பட்டாலும் பல நேரம் சரியான எழுத்தே விழுகிறது. எப்படி?
*வாசகர், ஈரோடு*

திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அது கண்ணுக்குத்தான். உள்ளே அந்தக் கட்டங்களின் எல்லை நீங்கள் அடிக்க அடிக்க நகர்ந்துகொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் ‘டி’ அடித்தீர்கள் என்றால், அடுத்து ‘ஹெச்’ வர வாய்ப்பு அதிகம் என்று அந்த விசைக்குக் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் இடம் கூடுதலாகக் கிடைக்கும். பக்கத்து விசையின் ஓரத்தில் விரல் பட்டாலும் ‘ஹெச்’ விழும். 2007இல் வந்த முதல் ஐபோனிலேயே இந்தத் தந்திரம் உண்டு. பொத்தானே இல்லாத கண்ணாடியில் அடிக்க முடியுமா என்று அன்று பலரும் சந்தேகப்பட்டதற்கு இதுவும் ஒரு பதில். விரலை இளைக்க வைக்க வேண்டாம்.

ஒரு எழுத்தை அழிக்க பேக்ஸ்பேஸ் தட்டினால் ‘கு’வில் கொக்கி மட்டும் போய் ‘க’ நிற்கிறது. போன் பழுதா?
*வாசகி, மதுரை*

பழுது இல்லை. நமக்கு ‘கு’ ஒரு எழுத்து, போன் எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு அது க, கொக்கி என இரண்டு. அதனால் பல கீபோர்டுகள் பின்பக்கமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும். ‘ஸ்ரீ’ போட்டுப் பாருங்கள், நமக்கு ஒன்று, அதற்கு ஸ, புள்ளி, ர, ஈகாரச் சுழி என்று நாலு. எழுத்துப்பிழை திருத்துகிறவர்களுக்கு இது சௌகரியம்கூட, ‘கு’வை ‘கூ’ ஆக்க ககரத்தைத் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. எஸ்எம்எஸ்ஸில்தான் வலிக்கும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70தான். ‘வணக்கம்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து, அங்கே ஏழு இடத்தைத் தின்றுவிடும்.

கீபோர்டு நான் அடிப்பதை எல்லாம் படிக்கிறதாமே! பேங்க் பாஸ்வேர்டு, யூபிஐ பின் எல்லாம் போய்விடுமா? கணவர் பயமுறுத்துகிறார்.
*வாசகி, கோவை*

கணவர் பாதி சரி. புதிதாக ஒரு கீபோர்டைப் போடும்போது, நீங்கள் அடிக்கும் எல்லாவற்றையும், பாஸ்வேர்டு, கார்டு எண் உட்பட, இது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டே ஒரு எச்சரிக்கை காட்டும். நாம் படிக்காமல் ‘ஓகே’ தட்டிவிடுகிறோம். வெறும் பயமுறுத்தல் என்று நினைக்காதீர்கள். 2017 டிசம்பரில் ஏ.ஐ.டைப் என்ற கீபோர்டு செயலியின் தரவுத்தளம் பாஸ்வேர்டுகூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது, 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அதில் இருந்தன.

யூபிஐ பின்னைப் பொறுத்தவரை நிம்மதியாக இருங்கள். பின் கேட்கும் அந்தப் பக்கமும் அதன் எண் பொத்தான்களும் யூபிஐயை நடத்தும் என்பிசிஐ கொடுத்தவை, உங்கள் கீபோர்டு அந்த இடத்தில் எட்டிப் பார்ப்பதில்லை. ஐபோனில் பாஸ்வேர்டு கட்டத்துக்குப் போனாலே நீங்களாகப் போட்ட வெளிக் கீபோர்டு ஒதுங்கி, போனின் சொந்தக் கீபோர்டு வந்துவிடும். ஐபோன் செட்டிங்ஸில் வெளிக் கீபோர்டுக்கு முழு அனுமதி கொடுக்கும் ‘ஃபுல் ஆக்சஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, காரணமில்லாமல் அதைத் திறக்காதீர்கள்.

பெரிய நிறுவனங்களின் கீபோர்டுகள் கற்றுக்கொள்ளாமல் இல்லை. ஜிபோர்டில் 2017 முதல் ஒரு முறை பேசப்படுகிறது: நீங்கள் அடித்த சொற்களை அனுப்பாமல், போனுக்குள்ளேயே கற்றுக்கொண்டு, கற்றதன் சாரத்தை மட்டும் அனுப்பிப் பலருடையதோடு கலப்பது. நல்ல யோசனைதான். ஆனால் மின்னும் எழுத்து, பூப்போட்ட தீம், இலவசம் என்று விளம்பரத்தில் வரும் பெயர் தெரியாத கீபோர்டு இருக்கிறதே, அதை இன்றைக்கே அழித்துவிடுங்கள். பூ வேண்டுமென்றால் வால்பேப்பரில் வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு 74 வயது. எழுதப் படிக்கத் தெரியும், டைப் அடிக்க வராது. பேசினால் எழுதும் மைக்கை வைத்துக் கொடுத்தேன், அதனிடம் சண்டை போடுகிறார். வேறு வழி?
*வாசகர், காரைக்குடி*

கையால் எழுதுவது. ஜிபோர்டில் தமிழைச் சேர்க்கும்போது கையெழுத்து வகையையும் தேர்ந்தெடுங்கள், கீழே வெறும் பலகை மாதிரி ஒரு இடம் வரும், விரலால் ‘அ’ போட்டால் அ. ஆட்காட்டி விரலால் மணலில் எழுதிப் பழகிய தலைமுறைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். அவசரப்படுத்தாதீர்கள், கொஞ்சம் நிறுத்தினால் எழுதி முடித்துவிட்டார் என்று நினைத்து அது எழுத்தை ஏற்றிவிடும், அதற்கும் அம்மா சண்டை போடுவார்.

எங்கள் குலதெய்வத்தின் பெயரை எப்படி அடித்தாலும் வேறு ஏதோ சினிமாப் பெயராக மாற்றிவிடுகிறது. கும்பாபிஷேக அழைப்பு அனுப்ப வேண்டும், வழி சொல்லுங்கள்.
*விழாக் குழு உறுப்பினர், விருதுநகர் மாவட்டம்*

செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குள் ‘பெர்சனல் டிக்‌ஷனரி’ என்று ஒன்று இருக்கும். ஐபோனில் அதே வேலையை ‘டெக்ஸ்ட் ரிப்ளேஸ்மென்ட்’ செய்யும். சாமி பெயரை, ஊர், மாவட்டத்தோடு முழுதாக எழுத்துப்பிழை இல்லாமல் அங்கே போட்டு, குறுக்குவழியாக ‘குசா’ என்று கொடுத்துவிடுங்கள். இனி ‘குசா’ அடித்தால் முழுப் பெயரும் வந்து நிற்கும். குழுவில் மற்றவர்கள் போனிலும் இதையே செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அழைப்பில் சாமி சரியாக இருக்கும், பொருளாளர் அனுப்பும் வசூல் பட்டியலில் நடிகர் இருப்பார்.