நிலாவெளிக் கடலில் சுழியோடுதல்: கேள்வி பதில்

திருகோணமலை, மட்டக்களப்புக் கடல்களில் ஸ்கூபா கருவியுடன் (முதுகில் சுமக்கும் காற்றுக் கலன் வழியே மூச்சுவிட்டபடி) சுழியோட விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்குப் பயிற்றுநர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. சுழியோட முடியுமா, ஐயா?

பதில்: பயிற்றுநர் உடன்வரும் அறிமுகச் சுழியோட்டத்துக்கு நீச்சல் பொதுவாகக் கட்டாயமில்லை, அது 12 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. சான்றிதழ் பெற வேண்டுமானால் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடங்கள் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் மூச்சை அடக்கியபடி மேலே வரக் கூடாது. ஆழத்தில் உள்ளிழுத்த காற்று, அழுத்தம் குறையக் குறைய விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம்.

கேள்வி: எந்த மாதங்களில் வரலாம்?

பதில்: மே முதல் செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கடல் கலங்கிவிடும்.

கேள்வி: நிலாவெளிக்கு அருகிலுள்ள புறாத்தீவில் சுறாக்கள் உள்ளனவாமே? பிள்ளைகளை அழைத்துவர அச்சமாக இருக்கிறது.

பதில்: 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவைச் சுற்றி நீங்கள் காணக்கூடியவை, துடுப்பு நுனி கறுத்த பவளப்பாறைச் சுறாக்கள். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வளரும் இவை கூச்ச சுபாவமுள்ளவை. நாம் நெருங்கினால் விலகிவிடும். பவளப்பாறைகளில் நான் சுறாவைவிட மதித்து ஒதுங்குவது பெரிய கிளாத்தி மீனைத்தான். முட்டையிட்ட காலத்தில் அது தன் கூட்டை மூர்க்கமாகக் காக்கும். துரத்திவந்து காலணித் துடுப்பைக் கடிக்கும், சில வேளை தோலையும் பதம்பார்க்கும். அது காக்கும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போவதால், பயந்து மேலே எழுபவர் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறார். ஆகவே மேலே எழாமல், உங்கள் காலணித் துடுப்பை மீனுக்கும் உங்களுக்கும் இடையே வைத்தபடி, கிடையாக விலகிச் செல்லுங்கள். பாம்பு போல நீண்ட அஞ்சாலை மீன் பொந்திலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது மிரட்டல் அன்று. அது மூச்சுவிடும் முறை. பொந்துக்குள் கையை நுழைக்காதவரை அதனால் தொல்லையில்லை.

கேள்வி: நிறைய மீன்களைப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: குறைவாக நீந்துங்கள். ஒரே பாறையருகே, எதையும் தொடாமல், மூச்சாலேயே மிதப்பைச் சமன்செய்து ஐந்து நிமிடங்கள் நின்றால், ஒளிந்த மீன்கள் வெளியே வரும்; கிளிமீன் பாறையைக் கொறிக்கும் ஓசைகூடக் கேட்கும். மிதப்பு கைவராதவர் கேமராவைக் கரையிலேயே விட்டுவருவது நல்லது என்பது என் கண்டிப்பான கருத்து, ஏனெனில் அவரது துடுப்பின் ஓர் உதை, மிக மெதுவாக வளரும் பவளத்தைச் சிதைத்துவிடும்.

கேள்வி: மட்டக்களப்பில் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கலாமா?

பதில்: 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீட்டர். அதற்கும் கீழே செல்வதற்கான தொழில்நுட்பச் சுழியோட்டப் பயிற்சி பெறாதவர் அங்கே இறங்கக் கூடாது.

கேள்வி: காலையில் சுழியோடிவிட்டு மாலையில் நுவரெலியா போகலாமா?

பதில்: கூடாது. சுழியோடும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுமுன் 1,800 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அம்மலைநகருக்கு ஏறுவது, விமானத்தில் பறப்பதைப் போன்றே ஆபத்தானது. பல முறை சுழியோடியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கடற்கரையிலேயே தங்குங்கள்.