டாட் இன்னா, டாட் காமா?

கேள்வி: கோவையில் கிரைண்டர் உதிரிபாகங்களை ஆன்லைனில் விற்கத் தொடங்குகிறோம். எந்த டொமைன் (இணையதள முகவரிப் பெயர்) வாங்கலாம்?

பதில்: இந்தியாவுக்குள் மட்டும் விற்பனை என்றால் டாட் இன் தாராளமாகப் போதும். 2005 முதல் யாரும் வாங்கலாம். கூகுளும் அதை இந்தியத் தளமாகவே எடுத்துக்கொள்ளும். மலேசியா, சிங்கப்பூருக்கும் அனுப்புவீர்கள் என்றால் அதுவே பாதகம். டாட் காம் வாங்குங்கள். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் வாங்கி, ஒன்றுக்கு வருபவர்கள் நிரந்தரமாக மற்றதற்குப் போகும்படி 301 முறையில் திருப்பிவிடுங்கள். முதலாண்டுச் சலுகை விலையில் மயங்காமல், புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது பதிவில்தான். வெப் டிசைனர் பெயரில் பதிந்தால் பிறகு அவர் பின்னால் அலைய வேண்டும். உங்கள் பெயரில் பதியுங்கள். தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைன் முகவரியைத் தராதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் முடங்கும், நினைவூட்டல் வந்துசேராது.