வரைபடத்தில் ஹங்கேரியும் பெருவும் மட்டும் போதாது
மகளின் பள்ளி வரைபடத்தில் ஹங்கேரிய மொழிக்கு ஹங்கேரியையும் தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான கெச்சுவாவுக்குப் பெருவையும் மட்டும் வண்ணமிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதவே போதாது.

முதல் உலகப் போருக்குப் பின் 1920-இல் கையெழுத்தான திரியானோன் ஒப்பந்தம் ஹங்கேரியின் எல்லையைச் சுருக்கியது. மக்களில் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ருமேனியாவின் ஹர்கிதா, கொவாஸ்னா மாவட்டங்களில் இன்றும் ஹங்கேரிய மொழி பேசுவோரே பெரும்பான்மை. ஊர்ப்பெயர்ப் பலகைகளில் இரு மொழிகளையும் பார்க்கலாம். இவை நாட்டின் நட்டநடுவே இருப்பதால், எல்லையோரம் மட்டும் தீட்டினால் விடுபட்டுப்போகும். தெற்கு ஸ்லோவாக்கியா, செர்பியாவின் வொய்வொதினா, உக்ரைனின் மேற்கு மூலை ஆகியவற்றையும் சேருங்கள்.

கெச்சுவாவுக்குப் பொலிவியா, எக்குவடோர், தெற்குக் கொலம்பியா. மலைமொழிதானே என்று ஆண்டிஸோடு நிறுத்திவிடாதீர்கள். அர்ஜென்டினாவின் சாந்தியாகோ தெல் எஸ்தெரோ சமவெளியிலும் பேசுகிறார்கள். பெருவின் கடலோரத் தலைநகர் லிமாவுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். மலையிலிருந்து குடியேறியவர்கள் அங்கே ஏராளம்.