சக்கர மூடி ஃபிரேமில் உரசாமல் இருக்க: வாசகர் கேள்வி–பதில்

காற்றுத் தடையைக் குறைக்க, பாலிகார்பனேட் ஷீட்டை வட்டமாக வெட்டி, என் சைக்கிளின் பின்சக்கரத்தின் இரு பக்கமும் மூடியிருக்கிறேன். வலப்பக்கம் சரியாக இருக்கிறது. இடப்பக்கம் மட்டும் செயின்ஸ்டேயில் (பின் அச்சிலிருந்து பெடல் பக்கம் செல்லும் ஃபிரேம் குழாய்) உரசுகிறது. ஷீட் 1 மி.மீ. தடிமன். இன்னும் மெல்லியதாக வாங்க வேண்டுமா?

தடிமனைக் குறைப்பதால் உரசல் நிற்காது. கோளாறு ஷீட்டின் வடிவத்தில் இருக்கிறது.

பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒன்று போல இருப்பதில்லை. கேசட்டுக்கு (கியர்ப் பல்சக்கரத் தொகுதி) இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்க ஹப் ஃபிளாஞ்சு (சக்கர நடுவில் ஸ்போக்குகள் மாட்டும் விளிம்பு) உள்ளே தள்ளி அமைகிறது. ரிம் பிரேக் ஹப் பலவற்றில் சக்கர நடுக்கோட்டிலிருந்து அதற்கு 18 மி.மீ. அளவுதான் தூரம். இடப்பக்க ஃபிளாஞ்சோ 35 மி.மீ. அளவுக்கு வெளியே நிற்கும். ரிம் அகலத்தில் பாதி 12 மி.மீ. என்று வையுங்கள். வலப்பக்கம் கிட்டத்தட்டத் தட்டை, இடப்பக்கம் ஒரு கூம்பு. தட்டையான ஷீட்டைக் கூம்பின் மேல் அழுத்தினால் விளிம்பில் மிச்சமாகும் நீளம் அலையலையாகப் புடைக்கும். அந்தப் புடைப்புதான் செயின்ஸ்டேயைத் தொடுகிறது.

மிச்ச நீளத்தைக் கணக்கிட்டு வெட்டி எடுத்துவிட்டால் அலை இருக்காது. ஃபிளாஞ்சுக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கே 23 மி.மீ. கூம்பின் முனை ஃபிளாஞ்சையும் தாண்டி அச்சின் மேல் விழுவதால் உயரத்தை 25 என்று கொள்ளுங்கள். மூடியின் ஆரம் 290 மி.மீ. என்றால், மிச்ச நீளம் 3.14 × 25 × 25 ÷ 290, அதாவது ஏறக்குறைய 7 மி.மீ. விளிம்பில் 7 மி.மீ. அகலத்தில் தொடங்கி மையத்தில் பூஜ்யத்தில் முடியும் ஆப்பு ஒன்றை வெட்டி எடுங்கள். வலப்பக்கத்துக்கு இதே கணக்கு அரை மி.மீ. கூடத் தராது. உங்களுக்கு அந்தப் பக்கம் தொல்லை இல்லாததற்குக் காரணம் இதுதான். உங்கள் ஹப்பின் அளவை நீங்களே எடுங்கள். அச்சு அகலத்தில் பாதியிலிருந்து, லாக்நட் (அச்சின் முனையில் ஃபிரேமைத் தொடும் நட்) முகத்துக்கும் ஃபிளாஞ்சுக்கும் உள்ள தூரத்தைக் கழித்தால் ஃபிளாஞ்சின் இடம் கிடைக்கும். 130 மி.மீ. அச்சில் அந்தத் தூரம் 30 என்றால், 65 − 30 = 35.

வெட்டிய இரு விளிம்பையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றாதீர்கள், அந்த இடத்தில் தடிமன் இரட்டிப்பாகும். நேருக்கு நேர் முட்டவைத்து, உட்பக்கம் 30 மி.மீ. அகலப் பட்டையை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். ரிம் பிரேக் வண்டியானால் மூடியின் விளிம்பு பிரேக் ஷூ படும் பரப்புக்கு 2 மி.மீ. கீழேயே நின்றுவிட வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். இரு மூடியையும் ஊடுருவும் போல்ட்டை இறுக்கினால் அந்த இடம் குழிந்து, பக்கத்தில் புடைக்கும். ஒவ்வொரு போல்ட்டின் மேலும் இரு மூடிகளுக்கு இடைப்பட்ட தூரத்தின் அளவுக்கே நைலான் குழாய்த் துண்டு ஒன்றைக் கோத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே, சம இடைவெளியில் 8 போல்ட் போதும்.

நிறுத்தி வைத்துச் சுற்றினால் உரசவில்லை. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் 'சர் சர்' என்கிறது. எவ்வளவு இடைவெளி வேண்டும்?

மூடிக்கும் ஃபிரேமுக்கும் இடையே 4 மி.மீ. ஆலன் கீ தடையில்லாமல் நுழைய வேண்டும். சக்கரத்தை மெல்லச் சுற்றியபடி செயின்ஸ்டே, சீட்ஸ்டே (அச்சிலிருந்து சீட் பக்கம் ஏறும் குழாய்) இரண்டிலும் பாருங்கள். எழுந்து மிதிக்கும்போது சக்கரமும் ஃபிரேமும் பக்கவாட்டில் வளைவதால் இந்த இடைவெளி தேவை. மூடியைக் கழற்றி, முதலில் வீல் பெண்டு எடுங்கள். ரிம்மின் பக்கவாட்டு ஆட்டம் அரை மி.மீ.க்குள் இருக்கட்டும், தளர்ந்த ஸ்போக் இருந்தால் இறுக்குங்கள். மூடியபின் இவை கண்ணில் படாது.

எங்கே உரசுகிறது என்று தெரிய, ஸ்டேயின் உட்புறம் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் லிப்ஸ்டிக் தடவி ஒரு மேடு ஏறுங்கள். மூடியில் முழு வட்டமாகக் கறை விழுந்தால் இடைவெளியே போதவில்லை. ஒரு பகுதியில் மட்டும் என்றால் பெண்டு அல்லது புடைப்பு. கார்பன் ஃபிரேமில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். உரசல் பெயின்டைத் தின்று நாருக்குள்ளும் இறங்கிவிடும்.

பெரிய கேசட் பல்லுக்கு மாற்றினால் டிரெய்லியர் (கியர் மாற்றும் கருவி) கூண்டு மூடியில் தட்டுகிறது.

அந்தக் கியரில் கூண்டுக்கும் ஸ்போக்குக்கும் இடையே சில மி.மீ.தான் இருக்கும். மூடியின் தடிமனும் போல்ட் தலையும் அதைத் தின்றுவிடுகின்றன. வலப்பக்கம் 0.5 மி.மீ. ஷீட் போடுங்கள். இங்கே மெல்லிய ஷீட்டுக்கு உண்மையிலேயே பயன் உண்டு. போல்ட்டுகள் ரிம் ஓரத்தில் மட்டும் இருக்கட்டும், கூண்டு எட்டும் வளையத்தில் ஒன்றுகூட வேண்டாம். ஹேங்கர் (டிரெய்லியரைத் தாங்கும் கொக்கி) வளைந்திருக்கிறதா என்று பார்த்து நிமிர்த்தியபின், டிரெய்லியர் ஸ்போக் பக்கம் எவ்வளவு போகலாம் என்று கட்டுப்படுத்தும் லோ லிமிட் ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். வளைந்த ஹேங்கரோடு ஸ்க்ரூவைத் திருகுவது வீண்வேலை.

டிஸ்க் பிரேக் வண்டியில் இடப்பக்க மூடியை எப்படி வெட்டுவது?

காலிப்பரின் (பிரேக் கவ்வி) ஓரம் அச்சிலிருந்து எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அளந்து, 5 மி.மீ. கூட்டி, அந்த ஆரத்தில் நடுத்துளை வெட்டுங்கள். கொஞ்சம் பரப்பு போனாலும் பரவாயில்லை. ரோட்டர் (காலிப்பர் கவ்வும் பிரேக் தட்டு) நன்றாகச் சூடாகும். பெட்ஜி (PETG) என்ற பிளாஸ்டிக் ஷீட் 80 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகிவிடும், பாலிகார்பனேட் ஏறக்குறைய 147 வரை தாங்கும். எனவே இந்தப் பக்கத்துக்குப் பாலிகார்பனேட்தான்.

போல்ட் துளையைச் சுற்றி நுண்ணிய விரிசல் விழுகிறது.

திரெட் லாக்கர் (போல்ட் தளராமல் இருக்கப் பூசும் பசை) போட்டிருந்தால் அதுதான் காரணம். அழுத்தத்தில் இருக்கும் பாலிகார்பனேட்டை அது வெடிக்கவைக்கும். பெட்ரோல், அசிட்டோனும் அப்படியே. விரிசல் விழுந்த மூடியை மாற்றிவிட்டு நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தளராத நட்) பயன்படுத்துங்கள். துளையும் இறுக்கமாக இருக்கக் கூடாது. வெப்பநிலை 30 டிகிரி ஏறினால் 580 மி.மீ. மூடி 1.2 மி.மீ. விரியும், அலுமினிய ரிம் 0.4 மி.மீ.தான் விரியும். எம்3 போல்ட்டுக்கு 4 மி.மீ. துளையும் அகலமான தட்டை வாஷரும் போட்டால் ஷீட் நகர இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் வெயிலில் அது மறுபடி புடைத்து உரசும்.

முன்சக்கரத்தையும் மூடலாமா?

வெளிச்சாலையில் வேண்டவே வேண்டாம். பக்கக் காற்று ஹேண்டில்பாரையே திருப்பிவிடும். காற்றுக்குப் பேர்போன ஹவாய் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் டிரையத்லான் போட்டியில் முழுதும் மூடிய பின்சக்கரத்துக்குக்கூட நெடுங்காலம் அனுமதி இருக்கவில்லை. பந்தயத்தில் கலந்துகொள்பவரானால், பின்சக்கரத்தை மூடும் முன்பும் விதிகளைப் படித்துவிடுங்கள். உலக சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐயின், எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் சாலைப் பந்தயங்களில் மூடிய சக்கரம் செல்லாது.

வால்வில் காற்றடிக்க வழி?

இடப்பக்க மூடியில் மட்டும் வால்வுக்கு நேரே 40 மி.மீ. துளை வெட்டுங்கள். மூலைகள் வளைவாக இருக்கட்டும், கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். பம்ப் தலை நுழையாவிட்டால் 90 டிகிரி வளைந்த அடாப்டர் உதவும். ஓட்டும்போது துளையை டேப்பால் மூடிவிடுங்கள்.